பழுத்ததென்று பாதி விலைக்குப் போகும் கறிமிளகாய்

நீரிழிவுக் கிளினிக்கின் வாங்கில் காலை ஆறரை மணியிலிருந்து வெறுவயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணியளவில்தான் என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். இது கடந்த வருடம் நடந்தது. சீனி 186 என்று எழுதியிருந்த துண்டைப் பார்த்துவிட்டு, உணவு ஆலோசனை சொல்லும் மிஸி என் கொப்பியைப் புரட்டினார்.

"ஐயா ஒரு நாளைக்கு எவ்வளவு மரக்கறி சாப்பிடுறீங்கள்?"

"மரக்கறிதான் மிஸி என்ட தொழிலே. முப்பது வருசமா அதைத்தான் செய்யிறன்" என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

"விக்கிறதைக் கேக்கேல்லை. சாப்பிடுறதைக் கேட்டனான்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பதில் சொல்ல முடியவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குச் சந்தைக்குப் போய், இரண்டு கரண்டி சீனி போட்ட தேநீரும் பணிஸும். பத்து மணிக்கு ரொட்டி. பகல் ஹோட்டல் சோறும் மாட்டிறைச்சியும். தட்டில் வைக்கிற மரக்கறியை விரலால் ஓரத்துக்குத் தள்ளிவிடுவேன். அதன் மேல் ஒரு பிளேன்டீ. இரவில் கடை பூட்டி வரும் வழியில் கொத்துரொட்டி. இந்தப் பத்தியை வாசிக்கும் வியாபார நண்பர்களில் எத்தனை பேர் தங்களுடைய ஒரு நாளை இதில் கண்டுகொள்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

மிஸி கொப்பியில் 400 கிராம் என்று எழுதினார். மரக்கறியும் பழமுமாக ஒருவர் தினமும் சாப்பிட வேண்டிய குறைந்தபட்ச அளவாக உலக சுகாதார அமைப்பு சொல்வது அது. கிழங்கு வகை இந்தக் கணக்கில் சேராது. "ஒரே நிறத்தில சாப்பிடாதேங்கோ, பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் வேணும். கறிமிளகாய் விக்கிறனீங்கள்தானே, அதையே சாப்பிடலாம்" என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். அன்றிரவே அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்டிருக்கும் உணவுச் சத்து அட்டவணையைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். கடைசியில் அவள் சொன்ன வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"வாப்பா, நீங்க பழுத்ததெண்டு பாதி விலைக்குக் குடுக்கிறீங்களே, அதிலதான் கூடச் சத்து."

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நமது சந்தையில் கறிமிளகாய் என்று விற்பது நீண்டு, வெளிர் பச்சையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும் காய். சிங்களத்தில் மாலு மிரிஸ். கொழும்பின் பெரிய அங்காடிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றைச் சேர்த்துக் கண்ணாடித் தாளில் சுற்றி விற்பது குடைமிளகாய். அது நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் குளிரில் விளைவது. கூடாரத்துக்குள் வளர்ப்பதும் உண்டு. பச்சை மிளகாய், செத்தல் மிளகாய், நம்மவர்கள் கொச்சிக்காய் என்கிறோமே அது, கறிமிளகாய், குடைமிளகாய் ஆகியவற்றில் பெரும்பாலானவை ஒரே தாவர இனத்தின் பிள்ளைகள். எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நம்முடைய கறிக்குக் காரம் கொடுத்தது மிளகுதான். மிளகு போலக் காரமாக இருந்த காய் என்பதால்தான் இதற்கு மிளகாய் என்று பெயரும் வந்தது.

குடைமிளகாய்க்குக் காரமே கிடையாது. காரத்தைக் கொடுக்கும் பொருளை உண்டாக்கும் மரபணு அதில் வேலை செய்வதில்லை. கறிமிளகாய்க்குச் சிறிதளவு காரம் உண்டு, காய்க்குக் காய் கூடிக் குறையும். காரம் விதையில் இருப்பதாகத்தான் நானும் இத்தனை காலம் நினைத்திருந்தேன். உண்மையில் அது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில்தான் உண்டாகிறது. விதையில் படிவது அந்தச் சவ்விலிருந்து வருவது. அந்தச் சவ்வைச் சுரண்டி எடுத்துவிட்டால் உறைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இதைக் கடையில் வாங்குபவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால், "பிள்ளைகள் சாப்பிடமாட்டினம்" என்று திருப்பி வைப்பவர்களும் வாங்குவார்கள்.

பச்சையும் சிவப்பும்

இனி அட்டவணைக்கு வருவோம். எண்களைக் கண்டு பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள்தானே நாம்.

நூறு கிராம் பச்சைக் குடைமிளகாயில் விட்டமின் சி சுமார் 80 மில்லிகிராம். அதுவே முற்றிப் பழுத்துச் சிவப்பானால் சுமார் 128. விட்டமின் ஏ பச்சையில் 18 மைக்ரோகிராம், சிவப்பில் 157. ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அதே நூறு கிராம் தோடம்பழத்தில் விட்டமின் சி 53 மில்லிகிராம்தான். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 90 மில்லிகிராமும் பெண்ணுக்கு 75 மில்லிகிராமும் தேவை என்பது அமெரிக்கக் கணக்கு. புகைப்பவருக்கு இன்னும் 35 கூட்டிச் சொல்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு 45 என்று குறைத்துச் சொல்கிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும் சிவப்பு நூறு கிராம் ஒரு நாளைக்குப் போதும். சிவப்பில் பி6 விட்டமினும் ஒரு நாள் தேவையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் கிடைக்கிறது. போலேற்றும் உண்டு, நார்ச்சத்து 2 கிராம் அளவில்.

என்னைப் போன்ற சீனிக்காரர்கள் அடுத்த எண்களைக் கவனிக்க வேண்டும். நூறு கிராமில் 92 கிராம் தண்ணீர். சக்தி சுமார் 30 கலோரிதான். பச்சையில் சீனி 2.4 கிராம், சிவப்பில் 4 கிராமைச் சற்றே தாண்டும். பழுத்தால் இனிப்புக் கூடுகிறது என்று பயப்படத் தேவையில்லை. காலையில் நான் தேநீரில் போட்ட இரண்டு கரண்டி அதைவிட அதிகம்.

நமது கறிமிளகாயின் கதையும் இதுவே. இலங்கை விவசாயத் திணைக்களம் பயிரிடச் சிபாரிசு செய்யும் கறிமிளகாய் வகைகளில் ஒன்று ஹங்கேரியன் யெலோ வெக்ஸ். அந்த வகை மஞ்சள் பருவத்தில் நூறு கிராமுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டி விட்டமின் சி தருகிறது. விட்டமின் ஏ மட்டும் அப்போது மிகக் குறைவு. நாம் சந்தையில் பார்க்கும் அந்த இளமஞ்சள் நிறம் அதன் இறுதி நிறம் இல்லை. செடியிலேயே விட்டால் செம்மஞ்சளாகி, பிறகு சிவக்கும். பச்சையம் மறைந்து கரோட்டின் வகைகள் கூடுவதால்தான் அந்தச் சிவப்பு வருகிறது, விட்டமின் ஏ அங்கிருந்துதான் கிடைக்கிறது. அதாவது, நாம் காயாக விற்பதைப் பழமாக விட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. மாங்காய்க்கும் மாம்பழத்துக்கும் நாம் வெவ்வேறு விலை வைக்கிறோம், பழத்துக்குக் கூட. மிளகாயில் மட்டும் தலைகீழாகச் செய்கிறோம்.

அந்த வகையின் பெயரில் ஹங்கேரி இருப்பதைப் பார்த்ததும் மகள் இன்னொரு கதை சொன்னாள். அல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி என்று ஒரு ஹங்கேரி விஞ்ஞானி. பழைய காலத்தில் மாதக்கணக்காகக் கப்பலில் போனவர்களைப் பல் ஈறு வீங்கிச் சாகடித்த ஸ்கேர்வி நோயைத் தடுக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். மிருகங்களின் சுரப்பியிலிருந்து சிறிதளவுதான் எடுக்க முடிந்தது. 1930களின் தொடக்கத்தில் செகெட் என்ற நகரத்தில் வேலை செய்தபோது, ஒரு நாள் இரவு மனைவி பப்ரிக்கா மிளகாயைச் சாப்பாட்டில் வைத்தார். அவருக்கு அதைச் சாப்பிட மனமில்லை. மனைவியிடம் அதைச் சொல்லவும் துணிவில்லை. ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு தப்பிவிட்டார். சோதித்துப் பார்த்தால் அந்த மிளகாயில் தேடிய பொருள் நிறைந்து கிடந்தது. சில வாரங்களில் கிலோக் கணக்கில் பிரித்தெடுத்தார். அதுதான் விட்டமின் சி. 1937இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாயின் காரம் நமது நரம்பில் எந்த வாசலைத் திறக்கிறது என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் இன்னொரு நோபல். மிளகாயால் இவ்வளவு வந்தது. நமக்குச் சந்தையில் தரகுதான் வந்திருக்கிறது.

சந்தையில் நடப்பது

வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்துப் பயிர் செய்யும் தோட்டக்காரர் ஒருவரின் ஒரு நாளைச் சொல்கிறேன். மாரி மழை ஓய்ந்து, மார்கழி தை மாதக் குளிரில் கறிமிளகாய் நன்றாகக் காய்க்கும். வாரத்துக்கு ஒரு முறை ஆய்வார். ஒரு ஆய்வு தவறினால், கூலிக்கு ஆள் கிடைக்காவிட்டால், அல்லது மழை குறுக்கிட்டால், மரத்தில் நின்ற காய் சிவக்கத் தொடங்கும். சந்தைக்குக் கொண்டுவந்தால் என்னைப் போன்ற வியாபாரி மூட்டையைக் கொட்டி, சிவந்ததை ஒரு பக்கம் ஒதுக்கி, "அண்ணை, இது பழம், பாதிதான் தருவன்" என்பான். இதற்கு மேல், பத்துக்கு ஒன்று என்று கழிவு வெட்டும் வழக்கமும் நமது சந்தைகளில் இருக்கிறது. அதைப் பற்றித் தோட்டக்காரர்கள் பல வருடங்களாகப் போராடிக்கொண்டிருப்பது வாசகர்களுக்குத் தெரியும். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்பது என் கருத்து. இதற்காகச் சந்தையில் என்னோடு கோபித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

இதனால் தோட்டக்காரர் என்ன செய்வார்? சிவந்ததை மூட்டையின் அடியில் போடுவார். நாம் அதைத் தம்புள்ளைக்கு ஏற்றும்போது இன்னும் அடியில் போடுவோம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரத்தைக் கண்ட நபிகளாரின் சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது நினைவுக்கு வந்தது நஷ்டப்பட்ட பிறகுதான்.

1990 ஒக்டோபர் இறுதியில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன பிறகு, கல்பிட்டி மணல் தோட்டங்களில் விளையும் மிளகாயையும் வெங்காயத்தையும் வாங்கி விற்றுத்தான் நான் இந்தத் தொழிலைப் படித்தேன். அங்கே ஒரு தடவை கறிமிளகாய் ஒரு லொறி ஏற்றினேன். அடியில் பழுத்தது, மேலே காய். ஈரச் சாக்கால் மூடி, இரவு முழுக்க ஓடியது. போய்ச் சேர்ந்து கொட்டியபோது பழுத்தவை நசிந்து, அதன் ஈரத்தில் மேலே இருந்த காயும் காம்பழுகிப் போயிருந்தது. மறைத்து வைத்த இரண்டு மூட்டையால் பதினெட்டு மூட்டை போயிற்று. அன்று முதல் எனக்குள் ஒரு முடிவு: பழுத்தது கழிவு.

அந்த முடிவு பாதிதான் சரி என்று இப்போது தெரிகிறது. பழுத்த கறிமிளகாய் மெலிந்த தோல், சீக்கிரம் தளரும், தூரப் பயணத்துக்கு உதவாது. அதெல்லாம் உண்மை. ஏற்றுமுறைதான் பிழை. குடைமிளகாயையும் கறிமிளகாயையும் 7 முதல் 10 பாகை செல்சியஸில், காற்றில் ஈரப்பதம் நிறைந்திருக்க வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதைவிடக் குளிரவைத்தால் தோலில் குழி விழுந்து கெடும். ஆகவே மீன் பெட்டிக்குள் ஐஸோடு வைப்பது கூடாது. நம்மிடம் குளிரறை இல்லை. இருப்பதெல்லாம் நிழல், காற்றோட்டம், சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் கூடை, வெயில் ஏறுமுன் ஆய்வது, காம்போடு ஆய்வது. பழுத்ததைத் தனிக் கூடையில் போட்டு, இரண்டு நாளுக்குள் உள்ளூரிலேயே விற்பது. இதற்கு முதலீடு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

நான் செய்து பார்த்தது

மகள் அட்டவணை வாசித்த மறுவாரம், மருதனார்மடத்தில் எனக்குப் பழக்கமான தோட்டக்காரர் ஒருவரிடம் சிவந்த காயைக் காயின் விலைக்கே கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நானா, உதை வாங்கி என்ன செய்யப் போறியள்? விதைக்கோ?" என்றார். பதினைந்து கிலோ எடுத்தேன். கடை வாசலில் தனிக் கூடையில் வைத்தேன். மாலை வரை விற்றது மூன்று கிலோ. அதுவும் விதைக்கென்று நினைத்து வாங்கிய ஒருவர்.

காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நமது ஊரில் சிவப்பு என்றால் உறைப்பு. செத்தல் மிளகாயில் வளர்ந்த மக்கள் நாம். 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது மிளகாயும் வெங்காயமும்தான் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரைக் கல்வீடு கட்ட வைத்தன. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்தக் காலம் முடிந்தது. சிவப்பு மிளகாயை நிறத்துக்கும் காரத்துக்கும் காய்ச்சலுக்குமாக எடைபோட்டுப் பழகிவிட்டோம். சிவப்பாக, இனிப்பாக, பச்சையாகக் கடித்துச் சாப்பிடக்கூடிய ஒரு மிளகாயை நம்புவதற்கு யாரும் தயாரில்லை.

அடுத்த தடவை ஒரு காரியம் செய்தேன். சவ்வு நீக்கி வளையம் வளையமாக வெட்டி, உப்பும் தேசிக்காயும் விட்டு, கடை மேசையில் ஒரு தட்டில் வைத்தேன். வந்தவர்கள் ஒரு துண்டு எடுத்தார்கள். இனிக்கிறதே என்றார்கள். உறைக்கக்கூடிய காயும் இடையில் வரும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தேன். அப்படிச் சொன்னதால் விற்பனை குறையவில்லை. அன்று பத்து கிலோ போனது.

பெரிய வாடிக்கை கிடைத்தது ஹோட்டல்காரரிடம். டெவல் செய்கிறவர்களுக்குச் சிவப்பு நிறம் வேண்டும். அதற்காகச் சிலர் நிறப்பொடி போடுகிறார்கள். அதை விட இது நல்லது என்று சொன்னேன். டெவலில் கறிமிளகாயைக் கடைசியில் போட்டு, கடும் நெருப்பில் ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்குவார்கள். சத்துப் பார்வையில் அது நல்ல சமையல். விட்டமின் சி தண்ணீரில் கரைந்து போகும், நீண்ட சூட்டில் அழியும். தண்ணீரில் அவித்து ஊற்றினால் பெரும் பங்கு போய்விடும். சிறிது எண்ணெயில் சட்டென்று வதக்கினால் அதிகம் தங்கும். விட்டமின் ஏ தரும் கரோட்டினுக்கோ கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் உடம்பில் சேரும். ஆக எண்ணெய் கொஞ்சமும் நேரம் கொஞ்சமும். வேடிக்கை என்னவென்றால், டெவலில் இறைச்சியைத் தின்றுவிட்டுக் கறிமிளகாய்த் துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் குவித்து வைத்துவிட்டு எழும்புகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

நோன்பு காலத்தில் நம் வீடுகளில் கறிமிளகாய்க்குள் மீனும் உருளைக்கிழங்கும் அடைத்து, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரிக்கிறோமே, அது ருசிதான். ஆனால் அது மிளகாய்க்குள் வைத்த எண்ணெய்ப் பலகாரம். மரக்கறிக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம். வீட்டுக்காரி இப்போது அதே கூட்டை அடைத்து ஆவியில் அவிக்கிறா. முதல் நாள் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். பொரித்தது வாரத்தில் ஒரு நாள் என்று உடன்படிக்கை.

இன்னொரு விடயம், குறிப்பாக நமது வீட்டுப் பெண்களுக்காக. பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு இலகுவில் எடுத்துக்கொள்வதில்லை. அதே சாப்பாட்டில் விட்டமின் சி இருந்தால் கூடுதலாக எடுக்கும். பருப்புக்கறியும் சோறும் சாப்பிடும்போது பக்கத்தில் பச்சையாக வெட்டிய கறிமிளகாய்ச் சம்பல் இருந்தால் அந்தப் பருப்புக்கே பெறுமதி கூடுகிறது. மாறாக, சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் இரும்பைத் தடுக்கிறது. பிளேன்டீயை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்கிறார்கள். கடைத்தெருவில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

அளவோடு சொல்ல வேண்டியவை

இந்தக் காயை மருந்தாக்கி விற்க வேண்டாம். கறிமிளகாய் சாப்பிட்டால் புற்றுநோய் வராது, சீனி இறங்கும், தடிமன் பிடிக்காது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. விட்டமின் சி தடிமனை வராமல் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தொடர்ந்து எடுப்பவர்களுக்குத் தடிமன் இருக்கும் நாட்கள் சற்றுக் குறைகின்றன, அவ்வளவுதான். குடைமிளகாயில் மூன்று குமிழ் இருந்தால் ஆண், நான்கு இருந்தால் பெண், ஒன்று சமைக்க மற்றது பச்சையாகச் சாப்பிட என்று ஒரு செய்தியும் சுற்றுகிறது. அதுவும் கட்டுக்கதை. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு, காயில் அப்படிப் பிரிவு கிடையாது. விட்டமின் சி மட்டும்தான் வேண்டுமென்றால் வளவில் நிற்கும் கொய்யா மரத்தைக் கறிமிளகாயாலும் குடைமிளகாயாலும் வெல்ல முடியாது. கொய்யாவில் நூறு கிராமுக்கு 228 மில்லிகிராம். கறிமிளகாயின் சிறப்பு, அது சோற்றோடும் கறியோடும் சேரக்கூடியது என்பதுதான்.

வயிற்றுப்புண் உள்ளவர்கள் காரமில்லாத குடைமிளகாயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம் குறைந்த மரக்கறி தேவை. உருளைக்கிழங்கில் இருப்பதில் பாதியளவுதான் இதில் இருக்கிறது. என்றாலும் அவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்டே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்தடிப்பு விடயத்தில் நமக்கும் பொறுப்பு உண்டு. மிளகாய்ச் செடியில் இலைச்சுருளும் பேனும் வெள்ளை ஈயும் விடாத தொல்லை. தோட்டக்காரர் அடிக்காமல் இருக்க முடியாது. ஆனால் வாராவாரம் ஆயும் பயிரில், மருந்துப் போத்தலில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாட்களுக்கு முன்னர் ஆய்ந்தால் அது நேரே தட்டுக்கு வருகிறது. பச்சையாகச் சாப்பிடலாம் என்று சொல்லி விற்கத் தொடங்கினால், எப்போது அடித்தது என்று கேட்டு வாங்குவதும் நம் வேலையாகிறது. நான் கேட்கிறேன். சிலர் உண்மையைச் சொல்கிறார்கள். சிலரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பது பெருமளவு போகும்.

சில இளைஞர்கள் என்னிடம் கூடாரம் அடித்துக் குடைமிளகாய் போடலாமா என்று கேட்கிறார்கள். அங்காடியில் சிவப்பின் விலையைப் பார்த்து வரும் ஆசை. ஒரு காய் பச்சையிலிருந்து சிவப்பாக மேலும் இரண்டு முதல் நான்கு வாரம் செடியில் நிற்க வேண்டும். அது நிற்கும் வரை செடி புதிய பூவைக் குறைக்கும். நோயும் பறவையும் அந்த நாட்களில்தான் வரும். சிவப்பின் விலையில் பாதி அந்தக் காத்திருப்புக்கான கூலி. அதோடு குடைமிளகாய்க்கு இரவுக் குளிர் வேண்டும். சித்திரை வைகாசியில் யாழ்ப்பாணத்துக் கூடாரத்துக்குள் நின்று பார்த்தவர்களுக்கு நான் வேறு சொல்லத் தேவையில்லை, பூ முழுக்க உதிரும். மாரிப் பருவத்தை மட்டும் கணக்கில் எடுத்து, சிறிதாக, கடன் வாங்காமல் செய்து பார்க்கட்டும். என்னைக் கேட்டால், இருக்கிற கறிமிளகாயின் கடைசி ஆய்வுகளைச் சிவக்க விடுவது செலவில்லாத வழி. எப்படியும் அந்தப் பருவத்தில் காயின் விலை விழுந்திருக்கும்.

இதில் எனக்குக் கிடைத்த இலாபம் பெரிதென்று சொல்லமாட்டேன். சந்தையில் பாதி விலைக்குப் போன காயை முழு விலைக்கு வாங்கி, அதற்கு மேல் கிலோவுக்கு ஒரு சிறு தொகை வைத்து விற்கிறேன். மூன்று ஹோட்டல்கள் வாரம் இரண்டு முறை எடுக்கின்றன. விற்காமல் தளர்ந்ததை வீட்டில் தணலில் சுட்டு, தோல் உரித்து, உள்ளியும் தேசிக்காயும் சேர்த்து அரைத்துச் சட்னியாக்குகிறோம். இரண்டு நாளுக்கு மேல் வைப்பதில்லை. போத்தலில் அடைத்து விற்கும் எண்ணம் இருக்கிறது. அதற்குச் சுகாதாரப் பரிசோதகரின் அனுமதியும் புளிப்பு அளவும் சரியாக வேண்டும், அதனால் அவசரப்படவில்லை.

கிளினிக்குக்கு மூன்று மாதம் கழித்துப் போனபோது சீனி 141. மிஸி கொப்பியைப் பார்த்துத் தலையாட்டினார். அது கறிமிளகாயால் என்று நான் சொல்லவில்லை. தேநீரில் சீனியை நிறுத்தினேன், இரவுக் கொத்தை விட்டேன், மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன், பஜ்ர் தொழுகைக்குப் பிறகு நடக்கிறேன். ஆனால் ஓரத்துக்குத் தள்ளுவதற்குத் தட்டில் இப்போது ஒன்றும் மிஞ்சுவதில்லை.

மருதனார்மடத்து அண்ணை இந்தப் போகத்தில் கிணற்றடிப் பக்கம் இரண்டு வரிசையை எனக்கென்று சிவக்க விட்டிருக்கிறார். காயின் விலையே தந்தால் போதும், கழிவு மட்டும் வெட்டக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. சம்மதித்தேன். செவ்வாய்க்கிழமை முதல் ஆய்வு.